எழுந்ததும் தாழும் இரத்த அழுத்தம்

முதியவர் ஒருவர் விடியற்காலையில் படுக்கையை விட்டு எழுகின்றார். இரண்டடி வைக்குமுன் கண் இருண்டு விழுகின்றார். 'கவனமில்லாமல் நடந்தார்' என்று வீட்டார் கடிந்து கொள்கின்றனர். இக்குற்றச்சாட்டு பல வேளைகளில் பொருந்தாது என்பதை மருத்துவ வரலாறு காட்டும்.

இரத்த அழுத்தத்தை முதன்முதலில் அளந்தவர் இங்கிலாந்து நாட்டுப் பாதிரியாரான ஸ்டீபன் ஹேல்ஸ். குதிரையின் நாடியில் குழாய் பொருத்தி, இரத்தம் ஏறிய உயரத்தைக் கண்டு, 1733இல் நூலாக வெளியிட்டார். 1896இல் இத்தாலிய மருத்துவர் ரிவா ரோச்சி, கையில் சுற்றும் காற்றுப்பட்டையை அமைத்தார். 1905இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ், நாடியின் ஒலியைக் கேட்டு அளக்கும் முறையை அறிவித்தார். 1925இல் பிராட்பரி, எகிள்ஸ்டன் என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர், எழுந்து நின்றதும் அழுத்தம் தாழ்ந்து மயங்கிய மூவரைப் பற்றி எழுதினர். இந்நிலை மருத்துவ உலகில் தனிப்பெயர் பெற்றது அப்பொழுதுதான்.

இதன் காரணம் யாது? நாம் நிற்கும்பொழுது அரை லிட்டருக்கும் மேற்பட்ட இரத்தம் கால்களிலும் வயிற்றுப் பகுதியிலும் இறங்கித் தேங்குகின்றது. கழுத்து நாடியிலுள்ள உணர்நரம்புகள் இதனை அறிந்தவுடன், இதயத் துடிப்பு விரைவடைகின்றது, இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, அழுத்தம் நிலைபெறுகின்றது. முதுமையில் இவ்வேற்பாடு தளர்ந்துவிடுகின்றது. உடலில் நீர் குறைதலும், சிறுநீரை மிகுவிக்கும் மருந்துகளும் அத்தளர்ச்சியைப் பெருக்கும்.

நின்ற 3 நிமிடங்களுக்குள் மேல் அழுத்தம் 20 மில்லிமீட்டரோ, கீழ் அழுத்தம் 10 மில்லிமீட்டரோ குறைந்தால் அஃது இந்நிலையே என 1996இல் வல்லுநர் வரையறுத்தனர். அடுத்த ஆண்டே ஓர் ஆய்வு வெளிவந்தது. அமெரிக்கப் பராமரிப்பு இல்லங்களில் வாழ்ந்த 900க்கு மேற்பட்ட முதியோரை ஒரே நாளில் பலமுறை அளந்தனர். ஏறத்தாழப் பாதிப்பேரிடம் ஒருமுறையேனும் இத்தாழ்வு காணப்பட்டது. காலையில், உணவுக்குமுன், முதலில் எழும்பொழுதே அது மிகுதி. ஒவ்வொரு முறையும் தாழ்வு கண்டவர்களோ சிலரே. முன்பே விழுந்தவர்களுக்கு இந்நிலையும் இருப்பின், மீண்டும் விழும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்கு என 2000இல் வெளியான தொடர் ஆய்வு கூறிற்று.

இதிலிருந்து நாம் அறிவது ஒன்றுண்டு. நண்பகலில், மருத்துவமனை நாற்காலியில் அமர்த்தி ஒருமுறை மட்டும் அளந்தால், விடியலில் நேரும் தாழ்வு தெரியாமற் போகலாம். காலைச் சபைகூடலில் நெடுநேரம் நின்ற மாணவன் மயங்கிச் சாய்ந்தால், ஆசிரியர்களாகிய நாம் அவனைக் கடிவதில்லை. நிழலில் படுக்க வைக்கின்றோம். விழுந்த முதியோருக்கும் அவ்வுரிமை உண்டன்றோ? அவரைப் படுக்க வைத்தும் நிற்க வைத்தும் அளக்குமாறு மருத்துவரைக் கேட்போமாக. எழுமுன் கட்டிலோரத்தில் சற்று அமர்ந்திருக்க அவருக்குத் துணை நிற்போமாக.