தூக்குச் சன்னலின் விசைக்கொண்டி: திருடனுக்காகவா, காற்றுக்காகவா?

இங்கிலாந்தின் பழைய வீடுகளில் பெரும்பாலான சன்னல்கள் கீலில் திறப்பவை அல்ல. கண்ணாடி பதித்த இரண்டு மரச்சட்டகங்கள், ஒன்று மேலும் ஒன்று கீழுமாக, அடுத்தடுத்த காடிகளில் ஏறி இறங்கும். ஆங்கிலத்தில் 'சாஷ்' எனப்படும் இந்த அமைப்பைத் தூக்குச் சன்னல் என்று அழைக்கலாம். மூடியிருக்கும்போது மேல்சட்டகத்தின் அடிக்கட்டையும் கீழ்ச்சட்டகத்தின் தலைக்கட்டையும் நடுவில் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். அந்த நடுக்கட்டைகளின் மேல் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பித்தளைக் கொண்டி இருக்கும். ஒரு கட்டையில் கிடைமட்டமாகச் சுழலும் நாக்கு, மறுகட்டையில் அதை வாங்கிக்கொள்ளும் நாதாங்கி, நாக்கின் வேரை அழுத்தும் ஒரு வில்தகடு, உறுப்புகள் இவ்வளவுதான். நாக்கின் வேர் உருண்டையாக இல்லாமல் தட்டை முகங்களோடு இருப்பதால், வில்தகடு அவற்றில் ஏதாவது ஒன்றின்மேல் படிந்தே நிற்கும். மடக்குக் கத்தியின் அலகு பாதியில் நிற்காமல் விரிந்தோ மடங்கியோ 'டக்' என்று உட்காருவதும் இதே முறையில்தான். விசைக்கொண்டி எனப்படும் இக்கருவியைப் பூட்டுகளின் குடும்பத்தில் சேர்த்து, கள்வர் பயம் வளர வளர அதுவும் வளர்ந்தது என்று சொல்லிவிடுவது எளிது. சான்றுகள் அதற்கு இடம் தரவில்லை. கொண்டிக்குள் வில் வந்தது மரத்தின் அசைவுக்காகவும் காற்றுக்காகவும். திருடனைத் தடுக்கும் பொறுப்பு அதன் தலையில் பின்னாளில்தான் ஏற்றப்பட்டது.

இதை விளங்கிக்கொள்ள, கொண்டி முதலில் செய்த வேலை வேறு என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 17ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுத் தூக்குச் சன்னல்களில் மேல்பகுதி அசையாது. கீழ்ச்சட்டகத்தை மட்டும் கையால் தூக்கி, மரக்கொண்டியாலோ முளையாலோ தாங்கி நிறுத்துவார்கள். 'சாஷ்' என்ற சொல்லே சட்டகத்தைக் குறிக்கும் 'ஷாஸி' என்ற பிரெஞ்சுச் சொல்லின் திரிபு. அந்தக் கட்டத்தில் கொண்டியின் கடமை மூடுவது அன்று, சுமப்பது. கொண்டி நழுவினால் சட்டகம் விரல்மேல் விழும். பிரெஞ்சுக்காரர்கள் இவ்வகைச் சன்னலுக்குப் பின்னாளில் கில்லட்டின் என்ற தலைவெட்டும் கருவியின் பெயரை வைத்தது தற்செயல் அன்று. கயிறு, கப்பி, மறைந்து தொங்கும் எடைக்கட்டி ஆகியவற்றைக் கொண்டு சட்டகத்தைச் சமன்படுத்தும் முறை 1670களை ஒட்டி இங்கிலாந்தின் அரச கட்டடப் பணியகத்தில் உருவானது என்று கட்டட வரலாற்று ஆய்வாளர் ஹென்டி லோ 1983இல் விரிவாக நிறுவினார். நியூமார்க்கெட் அரண்மனை இல்லத்தில் கண்டெடுக்கப்பட்ட சன்னல் ஏறக்குறைய 1671ஐச் சேர்ந்தது. எஞ்சியிருக்கும் எடைகட்டிய தூக்குச் சன்னல்களில் இதுவே மிகப் பழையதாகக் கருதப்படுகிறது. 1698இல் பாரிஸ் சென்ற ஆங்கில மருத்துவர் மார்ட்டின் லிஸ்டர், அங்கே ஒரு பிரெஞ்சுத் தளபதியின் மாளிகையில் எந்த உயரத்திலும் தானே நிற்கும் பெரிய தூக்குச் சன்னல்களைப் பார்த்ததாகவும், அந்த உத்தி இங்கிலாந்திலிருந்து ஒரு சிறு மாதிரி வடிவமாகக் கொண்டுவரப்பட்டதென்று வீட்டுக்காரரே சொன்னதாகவும் எழுதியிருக்கிறார். எந்த உயரத்திலும் நிற்கும் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. எடைக்கட்டி சுமையை ஏற்றுக்கொண்டதும் பழைய கொண்டிக்கு வேலை போயிற்று. கூடவே ஒரு புதிய சிக்கலும் பிறந்தது. சமன்பட்ட சட்டகத்துக்குத் தனக்கென்று ஓர் இருப்பிடம் இல்லை. மூடி வைத்தாலும் அதை மூடியபடியே இருத்தும் விசை எதுவும் அதற்குள் இல்லை.

அந்தக் குறையோடு மரத்தின் இயல்பும் சேர்ந்துகொண்டது. காடியில் ஏறி இறங்கும் சட்டகத்துக்குச் சுற்றிலும் சிறிது இடைவெளி விட்டே ஆக வேண்டும். இல்லாவிட்டால் மழைக்காலத்தில் மரம் ஊறிப் பருத்து இறுகிவிடும். விட்ட இடைவெளியோ உலர்ந்த நாட்களில் இன்னும் அகலும். அப்போது காற்றடித்தால் சட்டகம் கடகடக்கும், நடுக்கட்டைகளின் இடையே குளிர் புகும். நடுக்கட்டைதான் சட்டகத்திலேயே மெல்லிய உறுப்பு. பார்வையை மறைக்காமலிருக்க அதை இயன்றவரை ஒல்லியாகச் செய்வார்கள், அதனால் வளைவதும் அதுவே. அந்த இடத்தில் வெறும் திருப்புக்கட்டை ஒன்றை மாட்டினால் என்ன ஆகும்? அதை நிறுத்திவைப்பது அச்சாணியின் உராய்வு மட்டுமே. சட்டகம் கடகடக்கக் கடகடக்க அச்சாணி தேயும். தேய்ந்த திருப்புக்கட்டை அதிர்வில் தானாகவே நகர்ந்து திறந்துகொள்ளும். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பரவிய பித்தளைக் கொண்டிகளில் வில்தகடு செய்த வேலை இதைத் தடுப்பதுதான். அதிர்வு எவ்வளவு இருந்தாலும் நாக்கு தட்டை முகத்திலிருந்து புரளாது. மரம் பருத்தும் சுருங்கியும் கொண்டி சற்று இடம் மாறினால் வில் அந்த மாற்றத்தை விழுங்கிக்கொள்ளும். அசையும் மரத்தின்மேல் அசையாத உலோகத்தைப் பொருத்த வேண்டிய இடத்தில், இரண்டுக்கும் நடுவே விட்டுக்கொடுக்கும் உறுப்பு ஒன்று தேவைப்பட்டது.

அத்தகைய வில்லைச் செய்யும் திறமும் இங்கிலாந்தில் அப்போது வளர்ந்துகொண்டிருந்தது. வில்லின் நீட்சிக்கும் விசைக்கும் உள்ள உறவை ராபர்ட் ஹூக் 1678இல் வெளியிட்டார். டான்காஸ்டரில் கடிகாரம் செய்துவந்த பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன், தன் கடிகார வில்களுக்குச் சீரான எஃகு கிடைக்காத குறையைத் தீர்க்கவே 1740களில் ஷெஃபீல்டு அருகே மூசை எஃகை உருவாக்கினார். சன்னல் கொண்டிக்கு அவ்வளவு உயர்ந்த எஃகு வேண்டியதில்லைதான். அடித்து இறுக்கிய பித்தளைத் தகடே பல இடங்களில் போதும், ஈரத்தில் துருப்பிடிக்காது என்ற நன்மையும் அதற்கு உண்டு. ஆனால் வில்லை ஓர் அன்றாட உறுப்பாக நினைத்துப் பழகிய கைவினைச் சூழல் இல்லாமல் பர்மிங்காம் பித்தளைப் பட்டறைகள் இச்சிறு பொருளை ஆயிரக்கணக்கில் வார்த்திருக்க முடியாது.

சரி, திருடனை அக்காலத்து வீட்டுக்காரர் எதைக் கொண்டு தடுத்தார்? உட்புற மடிப்புப் பலகைகளைக் கொண்டு. 18ஆம் நூற்றாண்டின் நல்ல வீடுகளில் சன்னலின் இருபுறமும் சுவருக்குள் மடங்கிக் கிடக்கும் மரப்பலகைகள் உண்டு. இரவில் அவற்றை விரித்துச் சாத்தி, குறுக்கே இரும்புப் பட்டையை மாட்டுவார்கள். தள்ளினால் ஒலிக்கும்படி மணி கட்டிய வீடுகளும் இருந்தன. வெளியில் கண்ணாடி உடைந்தாலும் உள்ளே பலகை நிற்கும். அப்படிப்பட்ட அரண் இருக்கையில் நடுக்கட்டையின் கொண்டி பகல்நேரத்துப் பொருள். காற்றையும் ஓசையையும் பார்த்துக்கொண்டால் போதும். நீதிமன்ற வழக்கு ஒன்று இதற்கு வலுவூட்டுகிறது. 1821இல் இங்கிலாந்தில் தீர்ப்பான அந்த வழக்கில், சன்னலின் மேல்சட்டகத்தைக் கீழே இழுத்து வீட்டுக்குள் நுழைந்திருந்தனர். அதற்குத் தாழ்ப்பாள் எதுவும் இல்லை. கப்பியில் தொங்கிய எடைதான் அதை நிறுத்தியிருந்தது. வெளியே இருந்த பலகைக் கதவும் பூட்டப்படவில்லை. இருந்தும் அது 'உடைத்து நுழைதல்' ஆகும் என்று நீதிபதிகள் முடிவு செய்தனர். 1827இல் மற்றொரு வழக்கில், ஏற்கெனவே சிறிது திறந்திருந்த சட்டகத்தை மேலும் தூக்கி நுழைந்தது உடைத்தல் ஆகாது என்றனர். சன்னல் முழுதும் மூடியிருந்ததா என்பதே கேள்வி. கொண்டி போட்டிருந்ததா என்று சட்டம் கேட்கவில்லை. சட்டக் கோட்பாட்டை வைத்து வீட்டுப் பழக்கத்தை முழுவதும் ஊகிக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் தூக்குச் சன்னல் பரவி ஒன்றரை நூற்றாண்டு ஆகப்போகும் நாளில்கூடக் கொண்டியே இல்லாத சன்னலோடு ஒரு வீடு இருந்தது என்பதும், அதை யாரும் வீட்டுக்காரரின் அசட்டையாகக் கொண்டு வழக்கைத் தள்ளவில்லை என்பதும் சிறிய சான்றுகள் அல்ல.

நிலைமை மாறியது 19ஆம் நூற்றாண்டின் நடுவில். கண்ணாடிமீது எடைக்கேற்ப விதிக்கப்பட்டிருந்த தீர்வை 1845இலும், சன்னல் வரி 1851இலும் நீங்கின. சிறுசிறு சில்லுகளைக் கோத்த சட்டகம் போய், ஒன்றிரண்டு பெரிய தகடுகளைத் தாங்கும் சட்டகம் வந்தது. குறுக்குச் சலாகைகள் மறைந்ததால் சட்டகம் தளர்ந்தது, கண்ணாடியின் எடையோ கூடியது. மூலைப் பொருத்துகளை வலுப்படுத்தச் சட்டகத்தின் பக்கக்கட்டைகளைக் கொம்புபோல் நீட்டிவிடும் வழக்கம் அப்போது தோன்றியதுதான். நடுக்கட்டைகளை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கும் கொண்டிக்கு இதனால் மதிப்பு உயர்ந்தது. மடிப்புப் பலகைகளோ நூற்றாண்டின் பிற்பகுதியில் சாதாரண வீடுகளில் குறைந்துகொண்டே வந்து, அவற்றின் இடத்தைத் திரைச்சீலை பிடித்தது. பலகை இருந்தவரை அதன் பொறுப்பாக இருந்த காவல் யாரிடமும் கேட்காமலேயே கொண்டியின்மேல் வந்து விழுந்தது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சன்னல் கொண்டிக்கான காப்புரிமைகள் பெருகின. அவற்றின் விவரணைகளிலும் விற்பனைப் பட்டியல்களிலும் திருடனின் கத்திதான் பெரிதாகப் பேசப்பட்டது. நடுக்கட்டைகளின் இடுக்கில் மெல்லிய அலகைச் செருகி நாக்கைப் புரட்டிவிடலாம் என்பது உண்மையான குறைதான். அதற்கு மாற்றாக எத்தனையோ வடிவங்கள் வந்தன. அப்படியானால் திருட்டுப் பயமே வளர்ச்சிக்குக் காரணம் என்று ஏன் கொள்ளக் கூடாது? முதலில், பெருக்கத்துக்கு வேறொரு காரணம் கண்முன்னே இருக்கிறது. 1852க்கு முன் இங்கிலாந்துக்கு மட்டும் ஒரு காப்புரிமை பெற 100 பவுனுக்கு மேல் செலவாகும். ஸ்காட்லாந்து, அயர்லாந்தையும் சேர்த்தால் 300 பவுனைத் தாண்டும். 1852ஆம் ஆண்டின் சட்டம் தொடக்கச் செலவை 25 பவுனாக்கியது. 1883ஆம் ஆண்டின் சட்டம் அதை 4 பவுனுக்கு இறக்கியது. சில பென்னிகளுக்கு விற்கும் கொண்டிக்கு 300 பவுன் கொடுத்து யாரும் உரிமை வாங்கப்போவதில்லை. கட்டணம் இறங்கியதும் எல்லாச் சிறுபொருள்களிலும் காப்புரிமை பெருகியது. அதைத் திருடர்களின் கணக்கில் எழுதுவது பொருந்தாது.

அதைவிட முக்கியமான விடை கருவியின் அமைப்பிலேயே இருக்கிறது. விரலுக்கு விட்டுக்கொடுக்கும் வில் கத்திக்கும் விட்டுக்கொடுக்கும். விசைக்கொண்டியின் பலவீனம் எது என்று கேட்டால், அந்த வில்தான். திருடனைத் தடுப்பதே குறிக்கோளாக இருந்திருந்தால் செய்ய வேண்டியது வில்லை எடுத்துவிடுவது. அதைச் செய்த வடிவமும் உண்டு. பிரைட்டன் என்ற பெயரால் இன்றும் விற்கும் திருகுக்கொண்டியில், மரையிட்ட தண்டை நாதாங்கியில் சாய்த்துக் குமிழைத் திருகி இறுக்குவார்கள். கத்தி அலகால் அதைக் கழற்றுவது மிகக் கடினம். கட்டைகளையும் அது வில்லைவிட நன்றாகவே இறுக்கும். கைதேர்ந்த தச்சர்கள் வேறொரு வழியும் கண்டார்கள்: நடுக்கட்டைகளின் முகங்களைச் சரித்தோ படிவெட்டியோ பொருத்தினால் அலகு நேராக ஏற முடியாது. அதாவது கத்திக்கு உகந்த பதில்கள் திருகும் படிவெட்டும், வில் அல்ல. அவை கைவசம் இருந்தும் விசைக்கொண்டி மறையவில்லை, திருகுக்கொண்டியோடு அருகருகே விற்றுக்கொண்டுதான் இருந்தது. காவலில் தோற்ற ஒரு பொருள் சந்தையில் தோற்கவில்லை என்றால், வாங்கியவர் அதனிடம் எதிர்பார்த்தது காவலைத் தவிர வேறொன்று.

மலிவு என்று ஒரு சொல்லில் இதை முடித்துவிடலாமே என்றால், வில் இல்லாத திருப்புக்கட்டை அதைவிட மலிவு என்பதை மறக்கக் கூடாது. வில்லுக்காகக் கூடுதல் காசு கொடுத்திருக்கிறார்கள். அதற்கு ஈடாகக் கிடைத்தது, அரைகுறை நிலை இல்லாமை. திருகைப் பாதி சுற்றிவிட்டு மறந்துபோகலாம். விசைக்கொண்டியைப் பாதியில் விட முடியாது, விரல் எடுத்ததும் அது ஒரு பக்கம் போய் உட்காரும். நாளுக்குப் பலமுறை திறந்து மூடப்படும் சன்னலுக்கு இது பெரிய வசதி. 1859 இறுதியில் வெளிவந்த தன் செவிலியர் நூலில் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் நோயாளியின் அறைச் சன்னலை மேற்புறமாகத் திறந்துவைக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். 1860களில் ஹிங்க்ஸ் பேர்டு என்ற மருத்துவர், கீழ்ச்சட்டகத்தின் அடியில் ஒரு மரத்துண்டை வைத்துச் சற்று உயர்த்தினால் நடுக்கட்டைகளின் இடைவெளி வழியாகக் காற்று மேல்நோக்கி வரும், குளிர் நேரே மேலில் அடிக்காது என்ற எளிய முறையைப் பரப்பினார். இந்த முறையில் நடுக்கட்டைகள் விலகி நிற்பதால் கொண்டியைப் போடவே முடியாது. காற்றோட்டத்துக்காகக் கொண்டியைக் கைவிடச் சொன்ன மருத்துவர்களின் அறிவுரை வீடுகளுக்குள் ஏற்கப்பட்டது என்பதே, அக்கருவியைக் காவலாக மட்டும் பார்த்தவர்கள் குறைவு என்பதற்கு இன்னொரு அடையாளம்.

வில்லின் இன்னொரு கிளை எடைக்கட்டியே இல்லாத சன்னல்களில் வளர்ந்தது. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவின் எளிய வீடுகளில் கப்பியும் கயிறும் வைக்கச் செலவாகும் என்று, சட்டகத்தின் பக்கவாட்டில் சுருள்வில் தள்ளும் முளை ஒன்றைப் பொருத்தினார்கள். நிலைக்கட்டையில் வெவ்வேறு உயரங்களில் துளைகள் இருக்கும். முளை எந்தத் துளையில் விழுகிறதோ அந்த உயரத்தில் சன்னல் நிற்கும். பிரெஞ்சுக் கொண்டி செய்த சுமக்கும் வேலைக்கு வில் இவ்வாறு திரும்பியது. சென்னைப் பெரம்பூரில் 1955இல் தொடங்கிய ரயில்பெட்டித் தொழிற்சாலையின் பழைய பெட்டிகளில் பயணம் செய்தவர்களுக்கு இந்தக் கிளை அறிமுகமானதே. சட்டகத்தின் இரு ஓரங்களிலும் உள்ள விசைக்கொண்டிகளை விரல்களால் அழுத்திக்கொண்டே கண்ணாடியையோ தகரப் பலகையையோ மேலே தூக்குவோம். விரலை விட்டதும் கொண்டி மாட்டிக்கொள்ளும். ஓடும் வண்டியின் ஓயாத அதிர்வில் சட்டகத்தைத் தாங்குவதும் மழை வந்தால் மூடிய நிலையில் இருத்துவதும் அவற்றின் வேலை. வெளியிலிருந்து கை நீட்டுபவரைத் தடுப்பது அவற்றின் பொறுப்பில் இல்லை. அதற்கென்று சன்னலின் குறுக்கே இரும்புக் கம்பிகள் தனியே இருந்தன, 18ஆம் நூற்றாண்டு ஆங்கில வீட்டின் மடிப்புப் பலகை இருந்த இடத்தில். பழைய வடிவப் பெட்டிகளின் உற்பத்தி பெரம்பூரில் 2018 சனவரியில் நின்றது.