ஃபயர்ஷீப்: காஃபி ஷாப் வைஃபையைக் கலங்கடித்த அக்டோபர்

போன மாசம் ஸ்டேஷன்ல ட்ரெயினுக்காகக் காத்திருந்தப்போ அம்மா கேட்டாங்க: "இங்க ஃப்ரீ வைஃபை வருதே, இதுல பேங்க் ஆப் திறக்கலாமாடா?" யோசிக்காமலே, "ஐயோ, வேண்டாம்மா"ன்னு சொல்லிட்டேன். ஏன்னு கேட்டாங்க. பதில் வரல. என்னிக்கோ கேட்ட அறிவுரை அது. எங்கிருந்து வந்துச்சுன்னு தேடிப் போனா, 2010-ல போய் நிக்குது.

அந்த வருஷம் ஜூலையில்தான் அமெரிக்காவில் ஸ்டார்பக்ஸ் தன் கடைகளில் வைஃபையை இலவசமாக்கியது. பாஸ்வேர்ட் கிடையாது. அந்தக் காலத்துல பாஸ்வேர்ட் இல்லாத வைஃபைன்னா, உங்க லேப்டாப்புக்கும் ரூட்டருக்கும் நடுவுல எந்தப் பூட்டும் இல்லைன்னு அர்த்தம். பக்கத்து டேபிள் லேப்டாப்பும் அதை ஒட்டுக் கேட்கலாம். சரி, இணையதளங்களாவது பூட்டி அனுப்பணுமில்லையா? ஃபேஸ்புக் உள்பட பல தளங்கள் பாஸ்வேர்ட் போடுற இடத்தை மட்டும் பூட்டின. உள்ளே போயிட்டா எல்லாம் திறந்தவெளி.

பாஸ்வேர்ட்தான் பத்திரமா போயிடுச்சே, அப்புறம் என்னன்னு தோணும். கோயில் வாசல்ல செருப்பு விட்டா டோக்கன் தருவாங்களே, யோசிச்சுப் பாருங்க. லாகின் பண்ணதும் தளம் அப்படி ஒரு டோக்கன் தரும். அதுக்குப் பேர் குக்கி. அதுக்கப்புறம் ஒவ்வொரு க்ளிக்குக்கும் டோக்கனைத்தான் பார்க்கும், ஆளைப் பார்க்காது. அந்த டோக்கன் நம்பர்தான் காற்றுல பூட்டில்லாம போயிட்டிருந்தது.

நிபுணர்களுக்கு இது பல வருஷமாத் தெரியும். யாரும் பதறல. 2010 அக்டோபர் 24 அன்று, சான் டியேகோவில் நடந்த டூர்கான் மாநாட்டில் எரிக் பட்லர் என்ற புரோகிராமர் 'ஃபயர்ஷீப்'பை வெளியிட்டார். ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரில் சேர்க்கிற ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன், அவ்வளவுதான். பட்டனை அமுக்கினா, அதே வைஃபையில இருக்கிறவங்க பேரும் படமும் ஓரமா வரிசை கட்டும். ஒரு படத்தை டபுள் க்ளிக் பண்ணா, அவங்க அக்கவுன்ட்டுக்குள்ள நீங்க! ஒரே நாளில் ஒரு லட்சத்துக்கும் மேல் டவுன்லோட் ஆனது.

திருடன் கையில சாவியைக் கொடுத்துட்டாருன்னு கோபப்பட்டவங்க உண்டு. எனக்கும் அந்தக் கோபம் கொஞ்சம் புரியுது. அன்னிக்குக் கடையில காஃபி குடிச்சிட்டிருந்தவங்க என்ன பாவம் பண்ணாங்க? ஆனா பயனரைக் காப்பது தளத்தோட பொறுப்புங்கிற பட்லரின் வாதத்துக்கு என்கிட்ட மறுப்பு இல்ல. முடியாத காரியமும் இல்ல அது. அதே வருஷம் ஜனவரியிலேயே ஜிமெயில் எல்லாருக்கும் ஹெச்டிடிபிஎஸ் பூட்டைப் போட்டுடுச்சு.

2011 ஜனவரியில் ஃபேஸ்புக் அந்த வசதியைத் தந்தது. அதுவும் செட்டிங்ஸுக்குள்ள போய் நாமளே டிக் பண்ணணும்! பிப்ரவரியில் செனட்டர் சக் ஷூமர் நியூயார்க் காஃபி ஷாப் ஒன்றிலேயே பத்திரிகையாளர்களைக் கூட்டி, பெரிய தளங்கள் எல்லாம் மாறணும்னு கேட்டார். ஃபேஸ்புக் எல்லாருக்கும் பூட்டுப் போட்டு முடிக்க 2013 ஆயிடுச்சு. சின்னத் தளங்களுக்கு சான்றிதழ் செலவு ஒரு சாக்கு. 2015 டிசம்பரில் லெட்ஸ் என்க்ரிப்ட் இலவசச் சான்றிதழை எல்லாருக்கும் திறந்துவிட்டதும் அதுவும் போச்சு. 2018 ஜூலை முதல், பூட்டில்லாத தளம்னா குரோம் முகவரிக்குப் பக்கத்திலேயே 'பாதுகாப்பற்றது'ன்னு போட்டுக் காட்ட ஆரம்பிச்சது.

மும்பை சென்ட்ரலில் கூகுளும் ரெயில்டெல்லும் இலவச வைஃபை தொடங்கியது 2016 ஜனவரியில். ரயில்வே ஸ்டேஷன்ல நாம லேட்டாத்தான் கனெக்ட் ஆனோம்; அதனாலேயே கொஞ்சம் தப்பிச்சோம்னு நினைக்கிறேன்.

தப்பிக்காத இடம் ஒண்ணு இருக்கு. வைஃபை பேருக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. ஸ்டேஷன் பேர்லயே நான் ஒரு ஹாட்ஸ்பாட் திறக்கலாம், அதே மாதிரி ஒரு லாகின் பக்கமும் வைக்கலாம். பூட்டுப் படம், வழி பத்திரம்னு மட்டும்தான் சொல்லும். மறுமுனையில இருக்கிறவன் யோக்கியன்னு சொல்லாது.

இதெல்லாம் படிச்சு முடிச்சு அம்மாவுக்கு போன் பண்ணேன். "ஒரிஜினல் பேங்க் ஆப்னா திறங்கம்மா. ஆனா வைஃபை பக்கமே கார்டு நம்பரோ மெயில் பாஸ்வேர்டோ கேட்டா மூடிடுங்க."

"அதுக்கு ஏன்டா ஒரு மாசம்? நான் அன்னிக்கே மொபைல் டேட்டாவுல பணத்தை அனுப்பிட்டேன்"னாங்க.