தொழிலாளர் குடியிருப்பில் பிறந்த பாலர் பள்ளி

'மாண்டிசோரி' என்ற பெயரைப் பாலர் பள்ளிகளின் பெயர்ப்பலகைகளில் பார்த்திருப்பீர்கள். அது பணக்காரப் பிள்ளைகளுக்கு உரியது என்று நினைப்போரும் உண்டு. ஆனால் அந்தப் பள்ளி பிறந்த இடம், ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு.

இத்தாலியின் தலைநகரான ரோமில் சான் லொரென்சோ என்றொரு ஏழை வட்டாரம். அங்கே ஒரு நிறுவனம் பாழடைந்த அடுக்குமாடி வீடுகளைப் புதுப்பித்துத் தொழிலாளர்களைக் குடிவைத்தது. பெற்றோர் பகல் முழுவதும் வேலைக்குப் போய்விடுவார்கள். பள்ளி வயதை எட்டாத பிள்ளைகள் படிக்கட்டுகளில் ஓடியாடிச் சுவர்களைப் பாழாக்கினர். சுவரைக் காப்பாற்றும் எண்ணத்தில்தான் அப்பிள்ளைகளுக்கு ஓர் அறை ஒதுக்கப்பட்டது. ஆயாக் கொட்டகையில் பிள்ளையை விட்டுவிட்டுப் பால்மரம் வெட்டப் போன நம் தாய்மார்களுக்கு இந்த நிலைமையை விளக்கத் தேவையில்லை.

அந்தப் பொறுப்பை ஏற்றவர் டாக்டர் மரியா மாண்டிசோரி. 1896-இல் மருத்துவப் பட்டம் பெற்றவர். மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்குக் கற்பித்த அனுபவமும் உள்ளவர். 1907 ஜனவரி 6-ஆம் நாள் 'குழந்தைகள் இல்லம்' திறக்கப்பட்டது. ஏறக்குறைய 50 பிள்ளைகள் வந்தனர்.

அங்கே காலைப்பொழுது அரிச்சுவடியோடு தொடங்கவில்லை. கை கழுவுவது, தலை வாருவது, அறையைக் கூட்டித் துடைப்பது ஆகியவையே முதற் பாடங்கள். பிள்ளைகளின் உயரத்துக்கேற்ற மேசைகளும் முகம் கழுவும் தொட்டிகளும் இருந்தன. பொத்தான் போடப் பழகுவதற்கு, மரச்சட்டத்தில் இரண்டு துணித்துண்டுகளைப் பொருத்தி வைத்தார்கள். ஆசிரியை அதிகம் பேசாமல், ஒவ்வோர் அசைவையும் நிதானமாகச் செய்துகாட்டுவார். பிறகு பிள்ளை தானே செய்ய வேண்டும்.

ஒருநாள் மாண்டிசோரி அம்மையார், கைக்குட்டையால் சத்தமின்றி மூக்குச் சிந்துவது எப்படி என்று காட்டினார். பிள்ளைகள் கண்கொட்டாமல் பார்த்தனர். முடிந்ததும் கைதட்டி ஆரவாரம் செய்தனர்! அவருக்கே வியப்பு. யோசித்தபோது காரணம் விளங்கியது. மூக்கு ஒழுகுகிறது என்று அப்பிள்ளைகளை எல்லாரும் ஏசியிருந்தார்கள். எப்படித் துடைப்பது என்று ஒருவரும் மரியாதையாகச் சொல்லிக் கொடுத்ததில்லை.

இப்படிப் பழகிய கைகள் எழுத்துக்கும் ஆயத்தமாயின. அங்கே 4, 5 வயதுப் பிள்ளைகளே எழுதத் தொடங்கினர். செய்தி பல நாடுகளுக்கும் பரவியது.

இந்த அம்மையார் தமிழகத்துக்கும் வந்தவர். அருண்டேல், ருக்மிணி தேவி தம்பதியர் அழைக்க, 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 69. உலகப் போர் காரணமாக நாடு திரும்ப இயலவில்லை. அடையாற்றிலும் கொடைக்கானலிலும் தங்கி, நூற்றுக்கணக்கான ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்துவிட்டு, 1946-இல்தான் ஐரோப்பா திரும்பினார்.

தாய்மார்களே, இதற்குப் பணச் செலவு ஏதுமில்லை. வேலைக்குப் போகும் அவசரத்தில் பிள்ளைக்கு நாமே பொத்தான் போட்டுவிடுகிறோம். தண்ணீரைக் கொட்டினால் அதட்டுகிறோம். ஓய்வாக இருக்கும் ஒரு மாலையில், சின்னக் குவளையில் தண்ணீர் ஊற்றுவதை மெதுவாக ஒருமுறை செய்துகாட்டுங்கள். சிந்தியதைத் துடைக்க ஒரு துணியையும் பக்கத்தில் வையுங்கள். மற்றதைப் பிள்ளையே பார்த்துக்கொள்ளும்.