"சிகரெட் பிடிப்பீங்களா?": ஒரு கேள்வியின் வரலாறு (இழை)

1/ ரொம்ப எளிமையான கேள்வின்னு தோணுதா? வாழ்நாளில் சிகரெட்டைத் தொடாதவர் "இல்லை டாக்டர்" என்பார். முப்பது வருஷம் பிடிச்சுட்டுப் போன மாசம் விட்டவரும் "இல்லை டாக்டர்" என்பார். ரெண்டு பேரையும் ஒரே கட்டத்துல போட்டா அந்த ஆய்வு என்ன ஆகும்?

2/ 1950. பிரிட்டனில் நுரையீரல் புற்றுநோய் கூடிக்கொண்டே வந்த காலம். ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் இருவரும் மருத்துவமனை நோயாளிகளை விசாரித்து, சிகரெட்டைக் கைகாட்டினார்கள். எல்லாரும் நம்பிடல. சரி, நோய் வர்றதுக்கு முன்னாடியே கேட்டு வெச்சுட்டுக் காத்திருப்போம்னு முடிவு பண்ணாங்க.

3/ யார்கிட்ட கேட்கிறது? டாக்டர்கள்கிட்டயே! பதிவேட்டில் பெயர் இருக்கும், பல வருஷம் பின்தொடரலாம். 1951 அக்டோபர் கடைசியில் சுமார் 59,600 பேருக்குத் தபாலில் கேள்வித்தாள் போனது. பதில் வரணும்னே அதை வேணும்னு சின்னதா வெச்சாங்க. 40,000க்கும் மேல் பதில் வந்தது.

4/ சூட்சுமம் கேள்வியில்தான். இப்போது பிடிக்கிறீர்களா, பிடித்து விட்டுவிட்டீர்களா, வழக்கமாகப் பிடித்ததே இல்லையா? மூன்று கட்டம். "வழக்கமாக" என்பதற்கும் அளவு உண்டு: தினம் ஒரு சிகரெட்டாவது, ஒரு வருஷமாவது. பிடிப்பவரிடம் எந்த வயதில் ஆரம்பித்தீர்கள், எவ்வளவு என்றும், விட்டவரிடம் எப்போது விட்டீர்கள் என்றும் கேட்டார்கள்.

5/ 1954ல் முதல் முடிவு. 35 வயதைக் கடந்த ஆண் டாக்டர்களில் நுரையீரல் புற்றுநோய் மரணம் 36. புகைக்காதவர்களில் ஒன்றுகூட இல்லை. பிடிக்கும் அளவு கூடக் கூட மரண விகிதமும் கூடியது.

6/ இடையிடையே மறுபடி கேட்டு, 2004ல் 50 ஆண்டு முடிவு வந்தது. தொடர்ந்து பிடித்தவர்கள் சராசரியாக 10 வருஷம் முன்னாடியே இறந்தார்கள். 50 வயதில் விட்டவர்களுக்கு சுமார் 6 வருஷம் திரும்பக் கிடைத்தது. 60ல் விட்டால்கூட 3 வருஷம்! "விட்டவர்"னு தனிக் கட்டம் போடாம இருந்திருந்தா இந்த நல்ல செய்தியே நமக்குத் தெரிஞ்சிருக்காது.

7/ நீங்க காலேஜுக்கோ ஆபீசுக்கோ கூகுள் ஃபார்ம் போடறீங்களா? ஒவ்வொரு கேள்விக்கும் இதைச் சோதிங்க: வேற வேற நிலைமையில இருக்கிற ரெண்டு பேர் ஒரே பதிலைச் சொல்ல முடியுமா? முடியும்னா கேள்வியை உடைச்சுக் கேளுங்க.

8/ அடுத்த முறை டாக்டர் கேட்டா வெறும் "இல்லை"யோட நிறுத்தாதீங்க. எப்போ ஆரம்பிச்சீங்க, தினம் எத்தனை, எப்போ விட்டீங்க... மூணையும் சொல்லுங்க. இன்னும் விடலையா? ஆறாவது பதிவை இன்னொரு தடவை படிங்க. 🙏