கரண்டு அடிக்காதாலே?

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு, ஆணி அதிகமானதால தள்ளிப்போய்க்கிட்டே இருந்த விஷயம் இது. பொங்கலுக்கு சங்கரன்கோவில் போனப்ப அப்பாவுக்கு ஒரு சவுண்ட்பார் வாங்கிட்டுப் போனேன். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். டிவி சத்தத்தை அறுபதுக்கு மேல வைப்பார், அடுக்களையிலிருந்து அம்மா கத்துவாங்க, அது அவருக்குக் கேக்காது. தட்டை டிவிகளோட லட்சணம் அப்படி. உள்ள இருக்கற ஸ்பீக்கர் குட்டி, அதுவும் பெரும்பாலும் தரையைப் பார்த்து இருக்கும். பின்னணி இசை முழங்கும், வசனம் மட்டும் புரியாது.

டிவிக்குப் பின்னாடி கையை விட்டதுதான் தாமதம், அப்பா சேரை விட்டு எந்திரிச்சிட்டார். "ஏலே, ப்ளக்கைப் புடுங்கிட்டுச் செய்யி. கரண்டு அடிக்காதாலே அது?"

எலக்ட்ரானிக்ஸ் படிச்சுட்டு பொட்டி தட்டுற எனக்குச் சிரிப்பு வந்துச்சு. அவர் சொன்ன கதையைக் கேட்டதும் அது போயிடுச்சு.

1989. தூர்தர்ஷன்ல மகாபாரதம் ஓடிக்கிட்டிருந்த சமயம். ஞாயித்துக்கிழமை காலைல பாதித் தெரு தாத்தா வீட்டுலதான் இருக்கும். பழைய விலைக்கு வாங்கின கறுப்பு வெள்ளை டிவி, மரப்பெட்டி. திண்ணையில உக்காந்தவங்களுக்குச் சத்தம் எட்டலை. அப்ப இருபது வயசு சித்தப்பா, டிவி வால்யூம் கண்ட்ரோல்லருந்து ரெண்டு வயரை வெளிய இழுத்து ஒரு 4440 ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுத்தார். (4440ங்கறது சான்யோ கம்பெனியோட எல்ஏ4440 ஐசி. நம்மூர் மெக்கானிக்குகளோட குலதெய்வம்.) ஸ்பீக்கர், ரேடியோ செட் கடையில இரவல். ரெண்டு வாரம் பிரமாதமா ஓடுச்சு. மூணாவது வாரம் ஆம்ப்ளிஃபயரோட இரும்புப் பெட்டியைத் தொட்டவர் அப்படியே ஒட்டிக்கிட்டார். யாரோ ஓடிப்போய் மெயினை அணைச்சதால பிழைச்சார். அவர் உள்ளங்கைத் தழும்பு அடுப்பு சுட்டதுன்னுதான் இத்தனை வருஷமா எனக்குச் சொல்லியிருந்தாங்க.

ரெண்டு வாரம் அடிக்காத கரண்டு மூணாவது வாரம் ஏன் அடிச்சது? இங்கதான் வரலாறு வருது.

அந்தக் காலத்து டிவிகள் பலதுல மெயின் டிரான்ஸ்பார்மர் கிடையாது. அது கனம், விலையும் ஜாஸ்தி. அதனால வீட்டு 230 வோல்ட்டை நேரா டையோடு வழியா டிசி ஆக்கிடுவாங்க. மெயின்ஸோட ஒரு வயர் நேரடியா டிவியோட சேசிஸ்ல சேர்ந்திருக்கும். 'ஹாட் சேசிஸ்'னு பேரு. வெளிய மரம், திருகுறதெல்லாம் பிளாஸ்டிக். அதனால பாக்கறவங்களுக்கு ஆபத்தில்லை. யாராச்சும் உள்ளருந்து ஒரு வயரை வெளிய கொண்டு வர்ற வரைக்கும்!

ரெண்டு முள் ப்ளக்கை எப்படி வேணா செருகலாம். ஒரு பக்கம் செருகினா சேசிஸ்ல நியூட்ரல், திருப்பிச் செருகினா ஃபேஸ். மூணாவது வாரம் யாரோ ப்ளக்கைத் திருப்பிச் செருகியிருக்காங்க, அவ்வளவுதான். ஆம்ப்ளிஃபயருக்குத் தனி டிரான்ஸ்பார்மர் இருந்தும் பிரயோஜனமில்லை, ஆடியோ வயரோட எர்த் வழியா ஃபேஸ் நேரா அதோட பெட்டிக்கே வந்திடுச்சு. விவரமான மெக்கானிக்குகள் நடுவுல ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர் போட்டு ரெண்டு பக்கத்தையும் பிரிச்சு வைப்பாங்க. சித்தப்பாவுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கலை.

விசிஆர், வீடியோ கேம்னு வெளிய மாட்ற சாமான்கள் பெருகினப்புறம்தான் மெயின்ஸையும் சேசிஸையும் பிரிச்சு வைக்கிற எஸ்எம்பிஎஸ் டிவிகள் பரவுச்சு. டிவி முதுகுல மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஓட்டைகள் வந்தது அந்தத் தைரியத்துலதான். அந்த ஆர்சிஏ பின் என்னவோ 1930கள்ல அமெரிக்காவுல ரேடியோவுக்காக வந்தது. தாத்தா காலத்துச் சாமான், இன்னும் சாகலை. தொண்ணூறுகள்ல 'பிஎம்பிஓ'ன்னு ஆயிரக்கணக்குல வாட்ஸ் போட்டு நம்மளை ஏமாத்தினதைப் பத்தி எழுதினா இன்னொரு பதிவு ஆயிடும், விட்டுடறேன்.

எச்டிஎம்ஐ 2002 கடைசியில வந்தது. ஆனா அதுல டிவிக்குள்ள போக மட்டும்தான் வழி. டிவி சத்தம் அதே கேபிள்ல திரும்பி வெளிய வர்ற ஏஆர்சி, 2009-ல 1.4 பதிப்புலதான் வந்தது. இருக்கற 19 பின்கள்ல அதுவரை சும்மா கிடந்த 14-ஆம் பின்னுக்கு அப்பதான் வேலை கிடைச்சது. இப்ப ஒரே கேபிள், ஒரே ரிமோட்.

அதைத்தான் அப்பாவுக்கு மாட்டினேன். அவர் அலமாரியிலருந்து டெஸ்டரை எடுத்துட்டு வந்து கேபிள் முனையோட உலோகத்துல வச்சார். மங்கலா எரிஞ்சது! ரெண்டு முள் ப்ளக் உள்ள டிவிகள்ல இரைச்சலைத் தடுக்க வைக்கிற குட்டி கெபாசிட்டர் வழியா லேசா கசியும், ஆபத்தான அளவு இல்லைன்னு விளக்கினேன். அவர் முகம் மாறலை. ஒரு வகையில அவர் சொன்னதும் சரிதான். மாட்டும்போது ரெண்டு ப்ளக்கையும் பிடுங்கிடறதுதான் முறை.

கடைசியில ஆப்டிகல் கேபிளுக்கு மாறினேன். தோஷிபா 1983-ல கொண்டு வந்தது. அதுல போறது வெறும் வெளிச்சம், டிவியையும் ஸ்பீக்கரையும் சேர்க்கற உலோகமே கிடையாது. முனையில சிவப்பா வெளிச்சம் வர்றதைக் காட்டினேன். ஒரு நிமிஷம் பாத்துட்டு, "இது தாவல" அப்படின்னார். சத்தத்தை டிவி ரிமோட்ல கூட்ட முடியாது, சவுண்ட்பார் ரிமோட் தனியா வேணும்னு சொன்னேன், பரவால்லன்னுட்டார்.

சாயங்காலம் சித்தப்பா வந்தார். வசனம் தெளிவா கேக்குதுன்னு தலையை ஆட்டினார். கிளம்பறதுக்கு முன்னாடி, யாரும் பாக்கலைன்னு நினைச்சு, சவுண்ட்பாரைப் புறங்கையால ஒரு தடவை தொட்டுப் பார்த்துட்டுப் போனார்.