குழந்தை அணையாடை

குழந்தை அணையாடை என்பது சிறுநீரையும் மலத்தையும் தாங்கும்படி கைக்குழந்தையின் இடுப்பில் கட்டப்படும் உடையாகும். துவைத்துத் திரும்பப் பயன்படுத்தும் பருத்தித் துணி, ஒருமுறை பயன்படுத்தி எறியும் டயப்பர் என இது இருவகைப்படும். தஞ்சாவூர் மாவட்டத்து ஒரத்தநாடு போன்ற காவிரிப் படுகை ஊர்களில் முன்னது வழிவழியாக வந்த வழக்கம். பின்னது அண்மைக் காலத்தில் மருந்துக்கடை, மளிகைக்கடை வழியாகப் பரவியது.

படுகை வீடுகளில் நைந்த வேட்டியையும் நூல் புடவையையும் கிழித்து முக்கோணமாக மடித்துக் கட்டுவதும், சற்று வளர்ந்த குழந்தைக்கு அரைஞாண் கயிற்றில் கோவணமாகச் செருகுவதும், தூளிக்குள் துண்டுத் துணி விரிப்பதும் வழக்கமாக இருந்தன. பலமுறை துவைபட்டுக் கஞ்சி நீங்கிய பழந்துணியே தோலை உறுத்தாது என்பதால் புதுத்துணி தவிர்க்கப்பட்டது. பகலில் குழந்தை பெரும்பாலும் துணியின்றியே விடப்பட்டதால் இடுப்புப் பகுதிக்குக் காற்றும் கிடைத்தது. இந்த ஏற்பாட்டின் பாரத்தை வீட்டுப் பெண்களும், பேறுகாலத் துணிகளை வெளுத்துத் தந்த வண்ணார் சமூகத்தினரும் சுமந்தனர் என்பதையும் இதன் வரலாறு சேர்த்தே சொல்ல வேண்டும்.

பிறர் கை உதவியின்றிப் பேறுகாலம் இல்லை என்பதை இப்பகுதியின் சத்திரங்களும் உணர்ந்திருந்தன. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி, ஆங்கிலேய ரெசிடெண்டாக இருந்த பெஞ்சமின் டோரினுக்கு 1801-இல் எழுதிய கடிதத்தில், சத்திரத்தில் பிள்ளை பெறும் பெண்ணுக்கு வேண்டியன அளித்து, பேற்றுக்குப் பின் மூன்று மாதம் தங்கவும் இடம் தரும் வழக்கத்தைக் குறிப்பிடுகிறார். அதற்கு அடுத்த ஆண்டில், 1802-இல், அவர் நிறுவியதே ஒரத்தநாட்டின் முக்தாம்பாள் சத்திரம். பிற்காலத்தில் கூட்டுக் குடும்பம் சுருங்கி, துவைக்கவும் உலர்த்தவும் இருந்த கைகள் குறைந்த நிலையில்தான் டயப்பர் தேவையாயிற்று என்பதால், அதை வாங்கும் தாயைச் சோம்பேறி எனப் பழிப்பது நியாயமன்று.

டயப்பரின் தொடக்கம் மேலைநாடுகளில் உள்ளது. அமெரிக்காவின் மேரியன் டோனோவன் துணி அணையாடையின் மேல் மாட்டும் நீர்புகா உறைக்கு 1951-இல் காப்புரிமை பெற்றார். 1961-இல் பிராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனம் மரக்கூழ் அடுக்குகொண்ட பாம்பர்ஸை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1980-களில், நீர்பட்டதும் களிபோலப் பருத்து அதைத் தன்னுள் பிடித்துவைக்கும் சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற தூள் சேர்க்கப்பட்டபின் டயப்பர் மெலிந்து, நெடுநேரம் ஈரம் தெரியாததாயிற்று.

இந்த வசதியே கேட்டுக்கும் வழி செய்கிறது. ஈரம் தெரியாததால் மாற்றுவது தள்ளிப்போக, சிறுநீரிலுள்ள யூரியாவை மலத்தின் நுண்ணுயிர்கள் அம்மோனியாவாக்கித் தோலின் இயல்பான அமிலத்தன்மையைக் குலைக்கின்றன. அந்நிலையில் மலத்தின் செரிமான நொதிகள் தோலை அரிக்க, டயப்பர் புண் எனப்படும் சிவந்த தடிப்பு தோன்றுகிறது. மாற்றாமல் விட்டால் துணியிலும் இதே புண் வரும். மலம் கழித்த உடனே மாற்றி, நீரால் கழுவி, ஈரம் உலரவிட்டுக் கட்டுவதே எவ்வகைக்கும் பொதுவான காப்பு. மணமூட்டி சேர்த்த டயப்பரைத் தவிர்ப்பது நல்லது. பிரான்சின் உணவு, சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான ஆன்சஸ் 2019-இல் வெளியிட்ட அறிக்கை மணமூட்டிகளை அறவே நீக்கப் பரிந்துரைத்தது. வாங்குவோர் இந்தியத் தர அமைவனத்தின் ஐ.எஸ். 17509 என்னும் தரக் குறிப்பு உறையில் உள்ளதா என்றும் பார்க்கலாம்.

துணியே எப்போதும் சூழலுக்கு உகந்தது என்று சொல்லிவிட முடியாது. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2008-இல் வெளியிட்ட ஆய்வு, இரண்டரை ஆண்டுக் காலத்துக்கு டயப்பரால் சுமார் 550 கிலோ, துணியால் சுமார் 570 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடான உமிழ்வு ஏற்படும் எனக் கணக்கிட்டது. ஆயினும் துணியைக் கொடியில் உலர்த்தி, இயந்திரம் நிறையத் துவைத்து, இரண்டாம் குழந்தைக்கும் பயன்படுத்தினால் அந்த உமிழ்வு பெரிதும் குறையும் என்றும் அதே ஆய்வு காட்டியது. படுகை வீடுகளில் மின்உலர்த்தி அரிது. கொடியும் வெயிலும் தாராளம். பிள்ளைத் துணி அடுத்த பிள்ளைக்குப் போவதும் பழைய வழக்கமே. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மட்டும் துணி காய்வதில்லை. அரைகுறையாகக் காய்ந்த துணியில் பூஞ்சை பிடிக்கும். ஆகவே பகலில் பருத்தித் துணி, இரவிலும் பயணத்திலும் அடைமழை நாளிலும் டயப்பர் என்ற கலப்பு முறையே இப்பகுதிக்கு மிகப் பொருத்தமானது.

தமிழ்நாட்டில் 2019 சனவரி 1 முதல் நடப்புக்கு வந்த பிளாஸ்டிக் தடையில் டயப்பர் இடம்பெறவில்லை. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய டயப்பரை உறையில் சுற்றியே ஒப்படைக்க வேண்டும் என்றும், அதற்கான உறையை உற்பத்தியாளர் தர வேண்டும் என்றும் கூறின. கல்லணைக் கால்வாயிலோ கிளை வாய்க்காலிலோ வீசப்படும் டயப்பர் மக்காது. பருத்து மதகை அடைத்து, பிளாஸ்டிக்கையும் களியையும் வயலுக்குக் கொண்டுசேர்க்கும். மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, டயப்பரைத் தாளில் இறுகச் சுற்றி, மக்கும் குப்பையோடு கலக்காமல் தனியே கொடுப்பது, அதைக் கையால் பிரிக்க நேரும் தூய்மைப் பணியாளருக்குப் பெற்றோர் செய்ய வேண்டிய கடமையாகும்.