உறை பிரிக்கும் உரிமை யாருக்கு?

தஞ்சைத் தரணியின் நெல்வயல்களுக்கும் அக்கரைச் சீமைத் துறைமுகங்களுக்கும் இடையே பல தலைமுறைக் காலம் ஒரு பாலம் இருந்து வந்தது. அது கல்லால் ஆனதன்று, காகிதத்தால் ஆனது. நாகூர், கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், இராஜகிரி, ஐயம்பேட்டை முதலிய ஊர்களிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இரங்கூனுக்கும் சபர் சென்றவர்கள் எழுதிய கடிதங்களே அந்தப் பாலம். குறுவை விளைந்ததா, பெண்ணுக்கு மாப்பிள்ளை அமைந்ததா, வாப்பாவின் உடல்நிலை எப்படி, அனுப்பிய பணம் வந்து சேர்ந்ததா என்பனவே பெரும்பாலும் அவற்றில் இருந்தன. எழுத்தறியாத வீடுகளில் அக்கடிதங்களை ஆசிரியரோ உறவினரோ உரக்கப் படித்துக் காட்டுவர். படித்தவர் அதை வெளியில் சொல்லார். காதில் விழுந்த குடும்பச் செய்தி அவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்பதே ஊர் வழக்கு.

அந்த உறையை அரசாங்கம் பிரித்துப் பார்க்கலாமா? பார்க்கலாம் என்றால், எப்போது, யார் ஆணைப்படி? இன்று கைப்பேசியை ஒட்டி எழுந்திருக்கும் வினா உண்மையில் பழைய அஞ்சல் உறையிலிருந்தே தொடங்குகிறது. அதன் வரலாற்றில் நம் காவிரிப் படுகைக்கும் ஓர் இடம் உண்டு.

ஆங்கிலேயர் ஆட்சியில் 1898-ஆம் ஆண்டு இந்திய அஞ்சலகச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் 26-ஆம் பிரிவு, பொது நெருக்கடி ஏற்பட்டாலோ, பொதுமக்களின் பாதுகாப்பையும் அமைதியையும் முன்னிட்டோ, அஞ்சல்களை வழிமறித்து நிறுத்த அரசுக்கு அதிகாரம் தந்தது. அதற்கு முன்னரே, 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம் தந்திக்கும் இத்தகைய அதிகாரத்தை அளித்திருந்தது. ‘பாதுகாப்பு’, ‘அமைதி’ ஆகிய சொற்களை யார்தான் மறுப்பர்? ஆயினும் அச்சொற்களின் எல்லையை வகுப்பவர் யார் என்பதைச் சட்டம் தெளிவாகச் சொல்லவில்லை. எல்லை இல்லாத சொல், அதிகாரியின் கையில் எவ்வளவு தூரம் நீளும் என்பதை 1930-இல் தஞ்சை மாவட்டம் தன் கண்ணால் கண்டது.

அவ்வாண்டு ஏப்ரல் 13-ஆம் நாள், இராஜாஜியின் தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியம் நோக்கி உப்பெடுக்கப் புறப்பட்டனர். வழி சுமார் 150 மைல். அதன் பெரும்பகுதி அன்றைய தஞ்சை மாவட்டத்தின் ஊடே சென்றது. மாவட்டக் கலெக்டராக இருந்தவர் தோர்ன் என்னும் ஆங்கிலேயர். தொண்டர்களுக்கு உணவோ தங்குமிடமோ அளிப்போர்க்கு ஆறு மாதச் சிறையும் அபராதமும் விதிக்கப்படும் என்று அவர் எச்சரிக்கை விடுத்தார். அதற்கு அவர் துணை கொண்டது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 157-ஆம் பிரிவு. சட்டவிரோதக் கூட்டத்துக்காகக் கூலிக்கு அமர்த்தப்பட்டவர்களுக்குப் புகலிடம் தருவோரைத் தண்டிக்க எழுதப்பட்ட பிரிவு அது. கலகக்காரனுக்கு என்று எழுதிய சட்டம் விருந்தோம்பியவன் மீது திரும்பியது. ஒருவன் தன் வீட்டில் யாருக்குச் சோறிடுகிறான் என்பது காவல்துறையின் கவனத்துக்குரிய செய்தியாயிற்று.

மக்கள் என்ன செய்தனர்? சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டி வைத்துவிட்டு விலகிக்கொண்டனர். கும்பகோணத்தில் தொண்டர்களுக்கு இடமளித்த பந்துலு ஐயர் சிறை சென்றார். ஏப்ரல் 30-ஆம் நாள் வேதாரணியத்தில் இராஜாஜி கைது செய்யப்பட்டார். ஆனால் அரசின் மீது மக்களுக்கு இருந்த பற்று போய்விட்டது என்று பின்னர் மேலிடத்துக்கு எழுத நேர்ந்தவர் அதே தோர்ன்தான். அடுப்படி வரை எட்டிப் பார்த்த அரசுக்குப் புதிதாகத் தெரியவந்த உண்மை அது ஒன்றே எனலாம்.

அடுத்து வந்தது இரண்டாம் உலகப் போர். 1939 முதல் வெளிநாட்டு அஞ்சல்கள் தணிக்கைக்கு உட்பட்டன. ஓரம் கத்தரிக்கப்பட்டு, ‘திறந்து பார்க்கப்பட்டது’ என்னும் காகிதப் பட்டை ஒட்டிய உறைகள் சபராளிகளின் வீடுகளுக்கு வந்தன. 1941 டிசம்பரில் பினாங்கும், 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூரும் ஜப்பானியர் வசமாயின. அதன்பின் திறந்து பார்க்கவும் கடிதம் இல்லை. போர்க்காலத் தணிக்கையை முற்றிலும் தவறென்று நாம் கூற மாட்டோம். கப்பல் புறப்படும் நாளை எழுதிய ஒரு வரி, பல நூறு உயிர்களைக் கடலில் ஆழ்த்தக்கூடிய காலம் அது. போர் முடிந்ததும் அத்தணிக்கையும் முடிந்தது. தொடக்கமும் முடிவும் உடைய கண்காணிப்பைக் குடிமக்கள் பொறுத்துக்கொள்வர். முடிவே இல்லாத கண்காணிப்பைப் பொறுப்பது அரிது.

விடுதலைக்குப் பின்னும் 1898-ஆம் ஆண்டுச் சட்டம் தொடர்ந்தது. 1986-இல் இராஜீவ் காந்தி அரசு அச்சட்டத்துக்கு ஒரு திருத்த மசோதாவைக் கொண்டுவந்தது. அஞ்சல்களை வழிமறிப்பதற்கான காரணங்களை அது மேலும் விரிவாக்கியது. அன்றைய சூழலையும் நாம் மறக்கலாகாது. பஞ்சாபில் தீவிரவாதம் மூண்டிருந்தது. 1984-இல் பிரதமர் இந்திரா காந்தியே சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் மசோதாவை நிறைவேற்றின. ஆனால் குடியரசுத் தலைவர் கியானி ஜெயில் சிங் ஒப்பமிடவில்லை, மறுக்கவும் இல்லை. ஒப்புதலுக்குக் காலவரம்பு எதையும் அரசியல் சட்டத்தின் 111-ஆவது பிரிவு குறிக்காமையால் அவர் அதை அப்படியே வைத்திருந்தார். 1987 ஜூலையில் பதவி முடிந்து அவர் சென்றபோதும் மசோதா மேசையிலேயே கிடந்தது.

அவருக்குப் பின் அந்த ஆசனத்தில் அமர்ந்தவர் ஆர். வெங்கட்ராமன். அவர் பிறந்தது பட்டுக்கோட்டை வட்டத்து இராஜாமடம். அதிராம்பட்டினத்தை அடுத்த ஊர். 1942-ஆம் ஆண்டுப் போராட்டத்தில் சிறைவாசம் கண்டவர், சட்டம் பயின்றவர். 1990-இல் மறுபரிசீலனை செய்யுமாறு அவர் அம்மசோதாவை நாடாளுமன்றத்துக்கே திருப்பி அனுப்பினார். பின்னர் 2002-இல் அது திரும்பப் பெறப்பட்டது. சபராளிகளின் கடிதங்கள் வந்து இறங்கிய அதே கடற்கரையில் பிறந்த ஒருவர் இந்த வரலாற்றில் இடம்பெற்றது தற்செயலே ஆயினும், நம் பகுதியினர் மகிழ்ந்து நினைவுகூரத்தக்கது.

நீதிமன்றங்களும் இவ்வழியில் மெல்ல நடந்து வந்தன. உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்பவர், சான்று இல்லாமையால் விடுவிக்கப்பட்ட பின்னும், இரவு நேரங்களில் காவலர் அவர் வீட்டுக் கதவைத் தட்டி வந்தனர். 1962-இல் உச்ச நீதிமன்றம் அந்த இரவு வருகையைச் செல்லாதென அறிவித்தது; ஆனால் அந்தரங்கம் அரசியல் சட்டம் உறுதியளித்த உரிமையன்று என்றும் பெரும்பான்மை நீதிபதிகள் கூறிவிட்டனர். நீதிபதி சுப்பா ராவ் அதனை ஏற்காது தனித் தீர்ப்பு எழுதினார். 1996-இல், தொலைபேசியை ஒட்டுக்கேட்க உள்துறைச் செயலரின் ஆணை வேண்டும், அதனை ஒரு குழு மறு ஆய்வு செய்ய வேண்டும், எந்த ஆணையும் ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கலாகாது என்று அந்நீதிமன்றம் வரையறுத்தது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒரே முடிவாக, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தனர். 55 ஆண்டுகளுக்குப் பின் சுப்பா ராவ் கொண்ட கருத்தே வென்றது.

இஸ்லாமிய மரபுக்கு இது புதிதன்று. அனுமதியும் ஸலாமும் இன்றிப் பிறர் வீட்டில் நுழையலாகாது என்பதை அந்நூர் அத்தியாயமும், பிறர் குறைகளைத் துருவி ஆராயலாகாது என்பதை அல்ஹுஜுராத் அத்தியாயமும் விதிக்கின்றன. கலீஃபா உமர் ஓர் இரவு ஐயம் கொண்டு ஒரு வீட்டின் சுவரேறி உள்ளே சென்றதாகவும், வீட்டுக்காரர் அவ்விதிகளை எடுத்துக்காட்டவே, அவர் தம் தவற்றை ஒப்புக்கொண்டு திரும்பியதாகவும் மரபுவழிச் செய்தி ஒன்று உண்டு. ஆட்சித் தலைவரும் வாசல் வழியாகவே வரவேண்டும் என்பதே அதன் கருத்து.

இதனால் அரசுக்குக் கண்ணே வேண்டாம் என்று நாம் வாதிடவில்லை. 1991 மே 21-இல் ஸ்ரீபெரும்புதூரிலும், 1998 பிப்ரவரி 14-இல் கோயம்புத்தூரிலும் வெடித்த குண்டுகள் எத்தனை வீடுகளை இருளாக்கின! கோவையில் மட்டும் 58 உயிர்கள் மாய்ந்தன. சதி செய்பவனைக் கண்டறிவது அரசின் கடமை. ஆயினும் கோவைக்குப் பின், குற்றத்தோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத குடும்பங்களின் வாசலிலும் ஐயத்தின் நிழல் விழுந்ததை நம் சமுதாயம் அறியும். குற்றவாளியைத் தேடும் கண் ஒரு சமூகம் முழுவதையும் உற்று நோக்கத் தொடங்கினால், உண்மையான குற்றவாளி தப்பிவிடுகிறான். செய்தி சொல்லக்கூடிய நல்லவனோ வாய் மூடிக்கொள்கிறான். பாதுகாப்புக்கே அது கேடு.

இன்று இதை எழுதக் காரணம் உண்டு. 1898-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி, 2023-இல் புதிய அஞ்சலகச் சட்டம் நிறைவேறியது; 2024 ஜூன் 18 முதல் அது நடைமுறையில் உள்ளது. அதன் 9-ஆம் பிரிவு, நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, நெருக்கடி நிலை முதலிய காரணங்களுக்காக அஞ்சலை வழிமறிக்கவும் திறக்கவும் நிறுத்தி வைக்கவும் அதிகாரிகளுக்கு உரிமை வழங்க வகை செய்கிறது. ஆணையை மறு ஆய்வு செய்வது யார், அது எத்தனை நாள் செல்லும் என்பன அச்சட்டத்தின் வாசகத்தில் இல்லை. தொலைபேசிக்கு 1996-இல் உச்ச நீதிமன்றம் கட்டிய வேலி, கடித உறைக்குச் சட்டத்திலேயே இருக்க வேண்டாமா?

இன்று சபராளியின் குரல் துபாயிலிருந்து கைப்பேசி வழியே வருகிறது, கடிதம் குறைந்துவிட்டது. ஆயினும் அன்று உறைக்குக் கேட்ட நீதியே இன்று கைப்பேசிக்கும் உரியது. காரணம் எழுத்தில் இருக்கட்டும். காலவரம்பு இருக்கட்டும். பிரித்துப் பார்ப்பவர் வேறு, சரிபார்ப்பவர் வேறாக இருக்கட்டும். தவறு நேர்ந்தால் பாதிக்கப்பட்டவன் சென்று முறையிட ஓர் இடம் இருக்கட்டும். நம் வாக்கைக் கேட்டு வாசலுக்கு வரும் நாடாளுமன்ற வேட்பாளர் எவராயினும், அவரிடம் இந்த நான்கையும் நாம் கேட்க வேண்டும். பிறர் கடிதத்தைப் படித்துக் காட்டியவர் காத்த அமானிதத்தை, அரசும் காக்கக் கடமைப்பட்டதே.